ரெவாக்ஸ் ஏ77 ஸ்பூல் டேப் ரெக்கார்டர்: மின்சாரம் கொடுப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பரண்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு அருகில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் ஓடு மாற்றும் வேலை நடந்தபோது, பரணில் இருந்த மரப்பெட்டிக்குள் பெரியப்பாவின் ஸ்பூல் டேப் ரெக்கார்டர் கிடைத்தது. ரெவாக்ஸ் ஏ77. 1970களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலை முடித்துத் திரும்பியபோது அவர் கொண்டுவந்தது. கோணிச்சாக்கும் பழைய செய்தித்தாளும் சுற்றி வைத்திருந்ததால் முகப்பில் ஒரு கீறல்கூட விழவில்லை.

அதனோடு ஐந்து அங்குல ஸ்பூல்கள் பதினொன்று இருந்தன. அவற்றில் ஒன்பது, இந்தக் கருவி வீட்டுக்கு வருவதற்கு முன்பே, யாரிடமோ இரவல் வாங்கிய வால்வு ரெக்கார்டரில் பதிந்தவை என்று அப்பா சொல்கிறார். ஓர் அட்டைப் பெட்டியின் முதுகில் பெரியப்பாவின் கையெழுத்தில் ‘ஆத்தா, தாலாட்டு, 1962’ என்று எழுதியிருக்கிறது. பெரியப்பாவுக்கு ஆத்தா, எனக்கு அப்பத்தா. நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் குரலை நான் கேட்டதில்லை. அப்பாவுக்கு இப்போது 78 வயது. அந்தப் பெட்டியைக் கையில் கொடுத்தபோது அதைத் திறக்காமலே வெகுநேரம் மடியில் வைத்திருந்தார்.

எனக்குச் சால்டரிங் தெரியும். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும். இரண்டு மூன்று டிரான்சிஸ்டர் ரேடியோக்களைச் சரிசெய்திருக்கிறேன். ஆனால் நாடா ஓடும் கருவியை இதுவரை தொட்டதில்லை. பின்பக்கத்தைத் திறந்து பார்த்தபோது எலிப்புழுக்கையும், ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் முறுக்கிய செம்புக் கம்பியும் இருந்தன. எப்போதோ ஒரு பழுதுபார்ப்பவர் அப்படிச் செய்திருக்க வேண்டும். பிளக்கைச் சொருகிப் பார்க்கலாமா?

நாடாக்காரர் எழுதியது:

தம்பி, சொருக வேண்டாம். இன்னும் இரண்டு வாரத்துக்காவது அந்தப் பிளக்கைக் கருவிக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இத்தகைய கருவிகளோடு வேலை செய்தவன். நீங்கள் சொன்னவற்றில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்தச் செம்புக் கம்பிதான். ஃபியூஸ் எரிந்ததற்கு ஏதோ காரணம் இருந்திருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடாமல் கம்பியைச் சுற்றியவர், பழுதை உள்ளேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். முதல் வேலையாகக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, பின்பலகையில் குறித்திருக்கும் அளவிலேயே, மெதுவாக எரியும் வகை ஃபியூஸை வாங்கிப் போடுங்கள்.

அடுத்தது மின்னழுத்தத் தேர்வி. ஐரோப்பாவில் வாங்கிய கருவி என்பதால் 220 வோல்ட்டில் வைத்திருப்பார்கள். நம் வீட்டுச் சுவரில் 230 என்று பெயர், பல ஊர்களில் இரவு நேரத்தில் அதைத் தாண்டியே இருக்கும். 240-க்குத் திருப்பிவிடுங்கள். ஐம்பது ஆண்டு பழைய டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தச் சிறு சலுகை தேவை.

பிறகு கண்டென்சர்கள். மின்சாரம் நுழையும் பக்கத்திலும், ரிலேக்கள் எனப்படும் மின்காந்த சுவிட்சுகளின் அருகிலும் தீப்பொறியை அடக்குவதற்காக வைத்த காகிதக் கண்டென்சர்கள் இருக்கும். தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் உறை போட்டவை. வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், உறை முழுவதும் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். வயதாகும்போது உறை சுருங்கி வெடிக்கிறது, வெடிப்பு வழியே ஈரம் காகிதத்துக்குள் இறங்குகிறது, மின்சாரம் பட்டதும் வீடு முழுவதும் நாறுகிற புகையோடு அது போய்விடுகிறது. அளந்து பார்த்தால் மதிப்பு சரியாகக் காட்டும், அதை நம்பாதீர்கள். இவற்றைச் சோதனையே இல்லாமல் மாற்ற வேண்டும், புதியதில் எக்ஸ்2 என்ற பாதுகாப்புத் தரம் அச்சிட்டிருக்க வேண்டும். சென்னைக்கு வந்தால் ரிச்சி தெருவில் கிடைக்கும்.

இவையெல்லாம் முடிந்த பிறகும் நேராகச் சுவரில் சொருகக்கூடாது. சீரிஸ் போர்டு வழியாகத்தான் முதல் மின்சாரம்.

ஒன்று கேட்க விட்டுவிட்டேன். அந்த ஸ்பூல்களில் எதையாவது கருவியில் மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்தீர்களா? இல்லையென்றால் மிக்க மகிழ்ச்சி. அப்படியே இருக்கட்டும்.

கோவை_சால்டர் எழுதியது:

ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஒரு திருத்தம். பாதி வேலை செய்வதைவிட, எல்லா எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்களையும், மணி வடிவ டான்டலம் கண்டென்சர்களையும், திருகி அளவைச் சரிசெய்யும் சிறு டிரிம்மர்களையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுவதே நல்லது. ஐம்பது ஆண்டு ஆகிவிட்டது. இன்று நன்றாக இருப்பது அடுத்த ஆண்டு போகும். இந்தக் கருவியில் ஒவ்வொரு மின்சுற்றும் தனி அட்டையாகச் சொருகியிருப்பதால், வெளியே உருவி மேசையில் வைத்துச் சுகமாக வேலை பார்க்கலாம். நான் செய்த கருவியில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துவிட்டேன்.

நாடாக்காரர் எழுதியது:

மாற்ற வேண்டியவை என்று நீங்கள் சொன்ன பட்டியலில் எனக்கு மறுப்பில்லை. ‘ஒரே மூச்சில்’ என்பதில்தான் மறுப்பு.

நாற்பது ஐம்பது உதிரிகளை மாற்றிய பிறகு கருவி ஊமையாக இருந்தால், அது பழைய பழுதா, நாம் தலைகீழாக வைத்த டான்டலமா, பற்றவைக்கும்போது உரிந்த செம்புத் தடமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் காலத்து அட்டைகளில் செம்புத் தடம் சூட்டுக்கு எளிதில் உரியும். ஆகவே ஒரு நாளில் ஓர் அட்டை. உருவுவதற்கு முன் இரு பக்கமும் படம் எடுங்கள். மாற்றுங்கள், திரும்பச் சொருகுங்கள், இயக்கிப் பாருங்கள், அடுத்ததற்குப் போங்கள். இரண்டு சானல் இருப்பது நமக்குப் பெரிய வசதி: இடப்பக்க அட்டையை மாற்றிய அன்று வலப்பக்கம் பழையபடியே இருக்கும், இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்கலாம்.

டிரிம்மர்களைத் தொடுவதற்கு முன், அவை இப்போது நிற்கும் நிலையை அளந்து எழுதி வையுங்கள். அது ஐம்பது ஆண்டுக்கு முன் தொழிற்சாலையில் ஒருவர் உட்கார்ந்து சரிசெய்த நிலை. கலைத்துவிட்டால் திரும்பி வருவதற்கு, சோதனை ஒலிகள் துல்லியமாகப் பதிந்த அளவு நாடாவும் அலைகாட்டியும் வேண்டும்.

மின்னியல்_மாணவி எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சீரிஸ் போர்டு என்று எங்கள் ஊர் எலக்ட்ரீசியன்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது இங்கே எப்படி உதவுகிறது என்று விளக்க முடியுமா?

நாடாக்காரர் எழுதியது:

நல்ல கேள்வி, அம்மா. கருவிக்குப் போகும் இரு கம்பிகளில் ஒன்றின் இடையே 100 வாட் இழை பல்பைத் தொடராக மாட்டுவதுதான் சீரிஸ் போர்டு. எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது, இழை பல்புதான் வேண்டும். கருவிக்குள் ஷார்ட் இருந்தால் மின்னழுத்தம் முழுவதும் பல்பின் மேல் விழும். பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், கருவிக்கு எதுவும் ஆகாது. கருவி ஒழுங்காக இருந்தால், பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, சப்ளைக் கண்டென்சர்கள் நிரம்பியதும் மங்கிவிடும். இந்தக் கருவியில் மூன்று மோட்டார்கள் இருப்பதால் முழுக்க அணையாது, செந்நிறமாகக் கனன்றுகொண்டிருக்கும். அந்த நிலையில் வேகத்தையோ ஒலியையோ மதிப்பிடக் கூடாது. புகை வருகிறதா, வாடை வருகிறதா, எதுவும் சூடேறுகிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமே அது.

யாழ்_ஒலி எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். வீடுகளிலும் கோயில்களிலும் தப்பிக் கிடக்கிற பழைய ஒலிநாடாக்களை எண்ணிமப்படுத்தும் வேலையில் சில காலமாக ஈடுபட்டிருக்கிறேன். எல்லோரும் கருவியைப் பற்றிக் கதைக்கிறீர்கள், நான் நாடாவைப் பற்றிச் சில வார்த்தை சொல்ல வேண்டும். ஏனெனில் கருவி பழுதானால் இன்னொரு கருவி தேடலாம். தம்பியின் அப்பத்தா பாடிய நாடா ஒன்றுதான்.

முதலில், அது எந்தப் பொருளால் ஆன நாடா என்று பாருங்கள். ஸ்பூலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். சுற்றிய அடுக்குகளின் ஊடாகத் தேநீர் நிறத்தில் வெளிச்சம் தெரிந்தால் அது அசிட்டேட். வெளிச்சமே வராமல் இருட்டாக இருந்தால் பெரும்பாலும் பாலியஸ்டர். 1962 என்றால் அசிட்டேட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பாலியஸ்டர் இழுத்தால் நீளும், நீண்ட இடத்தில் ஒலி கெட்டுவிடும். அசிட்டேட் நீளாமல் பட்டென்று முறியும். முறிந்த முனைகளைச் சேர்த்து ஒட்டினால் இழப்பு ஏதும் தெரியாது. ஆனால் உலர்ந்து உலர்ந்து விளிம்பு நெளிந்து, நாடாவிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு சரியாகப் படியாமல் போவதுதான் அதன் நோய்.

அடுத்து, பெட்டியை மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அசிட்டேட் சிதைந்துகொண்டிருக்கிறது. சிதையும்போது வெளிவரும் அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும், பக்கத்தில் இருக்கிற நல்ல நாடாவையும் கெடுக்கும். அப்படிப்பட்டதை உடனே தனியாகப் பிரித்து வையுங்கள், எல்லாவற்றுக்கும் முன்பாக அதையே பதிவு செய்யுங்கள்.

வெள்ளைப் பஞ்சு போல் பூஞ்சணம் இருந்தால் முகக்கவசம் இல்லாமல் திறக்க வேண்டாம். அந்த ஸ்பூலைக் கருவியில் ஏற்றவும் வேண்டாம். அது உருளைகளில் ஒட்டி அடுத்த ஸ்பூலுக்கும் பரவும்.

கோவை_சால்டர் எழுதியது:

நாடாவை ஓவன் அடுப்பில் வைத்துச் சுட்டால் சரியாகிவிடும் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். அதைச் செய்து பார்க்கலாமே?

யாழ்_ஒலி எழுதியது:

தயவுசெய்து வேண்டாம். சூடேற்றும் முறை முற்றிலும் வேறொரு நோய்க்கான மருந்து. 1970களின் நடுப்பகுதியில் இருந்து வந்த சில பாலியஸ்டர் நாடாக்களில், குறிப்பாக முதுகில் கரும்பூச்சுப் பூசிய ஸ்டூடியோ நாடாக்களில், காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடும். ஓடவிட்டால் கீச்சிட்டுக்கொண்டே நிற்கும், ஹெட் முழுக்கப் பழுப்புச் சேறு படியும். அவற்றை ஏறத்தாழ 54 பாகை செல்சியஸில் பல மணி நேரம் சீராக உலர்த்தினால், சில வாரங்களுக்கு ஓடுகிற நிலைக்கு வரும். அசிட்டேட் நாடாவுக்கு அதே சூட்டைக் கொடுத்தால், அதில் மிச்சமிருக்கிற நெகிழ்வும் போய்ச் சருகாகிவிடும். 1962ஆம் ஆண்டு நாடாவுக்கு அந்த மருந்து நஞ்சு.

பரண்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாட்களாக நடந்ததை எழுதுகிறேன்.

ஸ்பூல்களை முற்றத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்பதும் தேநீர் நிறமாகத் தெரிந்தன, அசிட்டேட்தான். இரண்டில் லேசாக வினிகர் வாடை இருக்கிறது, தாலாட்டு ஸ்பூல் அந்த இரண்டில் ஒன்று. இரண்டையும் தனித்தனி அட்டைப் பெட்டிக்கு மாற்றி வேறு அறையில் வைத்துவிட்டேன்.

கருவியில் எலிப்புழுக்கையைத் தூரிகையால் தள்ளித் தூசு உறிஞ்சியில் எடுத்தேன். தேன் நிறக் கண்டென்சர்கள் ஐயா சொன்னபடியே வெடித்திருந்தன. ஒன்றின் அடியில் அட்டை கருகியிருந்தது. பழைய ஃபியூஸ் போனதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் மாற்றினேன். சீரிஸ் போர்டில் பல்பு பளிச்சென்று எரிந்து அடங்கிச் செந்நிறமாக நின்றது. அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். புகையோ வாடையோ இல்லை.

பிறகு பல்பை எடுத்துவிட்டு நேரடியாகச் சொருகினேன். நாடாவை இழுத்து ஓட்டும் கேப்ஸ்டன் தண்டு மாவு மிஷின் போல் இரைச்சலிட்டுக்கொண்டு வெறித்தனமாகச் சுழல்கிறது. நொடிக்கு 9.5 செ.மீ. வேகத்தில் வைத்தாலும் 19-இல் வைத்தாலும் ஒரே ஓட்டம். நல்ல வேளையாக எந்த நாடாவும் மாட்டவில்லை. உடனே அணைத்துவிட்டேன். மோட்டார் போய்விட்டதா, ஐயா?

நாடாக்காரர் எழுதியது:

மோட்டார் போகவில்லை, தம்பி. அதற்குத் தகவல் போகவில்லை.

இந்தக் கருவியின் அருமையே இந்த இடத்தில்தான் இருக்கிறது. சாதாரண ரெக்கார்டர்களில் வேகத்தை மாற்றப் பெல்ட்டோ படிக்கட்டுப் புல்லியோ இருக்கும். வில்லி ஸ்டூடரின் பட்டறையிலிருந்து 1967இல் வந்த இந்த மாதிரியில் அது எதுவும் இல்லை. கேப்ஸ்டன் தண்டே மோட்டாரின் அச்சு. மோட்டாரின் வெளிச்சுழலி விளிம்பில் பற்கள் வெட்டியிருக்கும். அவை ஒரு சிறிய காந்தச்சுருளின் முன்னால் கடக்கும்போது சுருளில் துடிப்புகள் எழும்: 19 செ.மீ. வேகத்தில் நொடிக்கு 1600, 9.5-இல் 800. கட்டுப்பாட்டு அட்டை அந்தத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கும். குறைந்தால் மின்சாரத்தைக் கூட்டும், கூடினால் குறைக்கும். துடிப்பே வரவில்லை என்றால், மோட்டார் நின்றுவிட்டது என்று எண்ணி இருக்கும் மின்சாரம் அனைத்தையும் ஊட்டிவிடும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

ஆகவே சந்தேகம் இரண்டே. ஒன்று, காந்தச்சுருளிலிருந்து அட்டைக்கு வரும் வழி அறுந்திருக்கலாம். இரண்டு, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் பவர் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதலில் சுருளின் முனைகளிலேயே மீட்டரை வைத்துத் தொடர்ச்சி பாருங்கள், பிறகு அட்டை சொருகும் இடத்தில் பாருங்கள். இரண்டிடத்திலும் தொடர்ச்சி இருந்தால் மட்டும் டிரான்சிஸ்டருக்குப் போகலாம்.

பரண்வாசி எழுதியது:

சுருளில் தொடர்ச்சி இருக்கிறது. அட்டை முனையில் இல்லை. கம்பியைப் பின்தொடர்ந்து போனால், இணைப்பானின் ஒரு முள்ளில் பித்தளைச் சொம்பில் பிடிப்பது போன்ற பச்சைக் களிம்பு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் நான்கு முறை துடைத்து, பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பச் சொருகினேன். இப்போது கேப்ஸ்டன் சத்தமே இல்லாமல் சுழல்கிறது. காதை அருகில் கொண்டுபோனால்தான் ஓடுகிறது என்று தெரிகிறது. 9.5-இலிருந்து 19-க்குத் திருப்பினால் ஒரு மூச்சு நேரத்தில் வேகம் பிடித்து நிலைக்கிறது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

மற்ற அட்டைகளையும் உருவி எல்லா முனைகளையும் துடைத்துவிட்டேன். கண்டென்சர்களை ஐயா சொன்ன முறையிலேயே நாளுக்கு ஓர் அட்டையாக மாற்றிவருகிறேன்.

கோவை_சால்டர் எழுதியது:

வாழ்த்துகள். கேப்ஸ்டன் தாங்கிக்குத் தையல் மிஷின் எண்ணெய் நாலைந்து சொட்டு விடுங்கள், இன்னும் நன்றாக ஓடும்.

நாடாக்காரர் எழுதியது:

நாலைந்து சொட்டு மிக அதிகம். அது நுண்துளை வெண்கலத் தாங்கி, எண்ணெயைத் தனக்குள் உறிஞ்சி வைத்திருப்பது. டர்பைன் எண்ணெய் வகையில் ஊசி முனையால் ஒரு சொட்டு போதும். மிஞ்சினால் தண்டு வழியே மேலேறி நாடா படும் இடத்துக்கு வந்துவிடும், ரப்பர் உருளை வழுக்கும், ஒலி தள்ளாடும். தையல் மிஷின் எண்ணெய் மெல்லியது, சீக்கிரம் வற்றிவிடும். துரு நீக்கும் தெளிப்பான்களைக் கருவியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

எண்ணெயைவிட முக்கியமானது பிரேக். இரு ஸ்பூல் மோட்டார்களின் அடியிலும் உருளையைச் சுற்றிப் பட்டை பிரேக் இருக்கும். அந்த உருளையை வெறும் விரலால் தொட்டாலே கையின் எண்ணெய்ப் பசை ஒட்டிப் பிடிப்புக் குறையும். நிறுத்தும்போது நாடா ஊட்டும் பக்க ஸ்பூல் சற்று முந்திப் பிடிக்க வேண்டும், இழுக்கும் பக்கம் ஒரு நூல் பிந்தி நிற்க வேண்டும். மாறி நடந்தால் நாடா நடுவில் தொய்ந்து வளையம் போடும். அடுத்த கணம் இழுக்கும்போது அந்த வளையம் சுண்டும், அசிட்டேட் முறியும்.

ரப்பர் உருளையை ஆல்கஹாலால் துடைக்க வேண்டாம். மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்தாலோ, நகத்தால் அழுத்தினால் உள்வாங்காமல் கல்லாக இருந்தாலோ மாற்றிவிடுங்கள். ஹெட்களுக்கும் நாடா தொடும் உலோக வழிகாட்டிகளுக்கும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சரி.

பிறகு காந்தநீக்கம். ஹெட்டில் காந்தம் தேங்கியிருந்தால், நாடா ஓடும் ஒவ்வொரு முறையும் அதிலுள்ள நுண்ணொலிகள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும், இரைச்சல் ஏறும். கருவியை அணைத்துவிட்டு, ஸ்பூல்களை அடுத்த அறைக்குக் கொண்டுபோய்விட்டு, காந்தநீக்கியைத் தொலைவிலேயே இயக்கி, மெதுவாக அருகில் கொண்டுவந்து, ஹெட்டின் முன் மேலும் கீழும் அசைத்து, அதே மெதுவோடு ஒரு கை நீளம் பின்வாங்கிய பிறகுதான் அணைக்க வேண்டும். அருகில் வைத்துக்கொண்டே அணைத்தால் முன்னைவிட அதிகமான காந்தத்தை ஏற்றிவிட்டதாகும்.

மின்னியல்_மாணவி எழுதியது:

வேகம் சரியாக இருக்கிறதா என்பதை அளவு நாடா இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் செலவு மிக அதிகம் என்று தெரிகிறது.

நாடாக்காரர் எழுதியது:

மீட்டர் டேப்பும் கைக்கடிகாரமும் போதும், அம்மா. துல்லியமான வேகம் நொடிக்கு 19.05 செ.மீ.; 30 நொடியில் 571.5 செ.மீ. ஒரு வேண்டாத நாடாவைக் கூடத்தில் நேராக நீட்டி, அந்தத் தூரத்தில் இரண்டு இடத்தில் வெள்ளை மார்க்கரால் கோடு போடுங்கள். ஓடவிட்டு, முதல் கோடு ஹெட்டைக் கடக்கும்போது தொடங்கி, இரண்டாவது கடக்கும்போது நிறுத்துங்கள். 9.5 செ.மீ. வேகத்தில் அதே தூரத்துக்கு 60 நொடி ஆக வேண்டும். ஐந்தாறு முறை செய்து சராசரி எடுத்தால் கை பதறியதால் வரும் பிழை கழிந்துவிடும்.

பரண்வாசி எழுதியது:

செய்து பார்த்தேன். 9.5-இல் ஆறு முறை ஓட்டியதற்குச் சராசரி 60.1 நொடி. கருவி உண்மையாக ஓடுகிறது.

கண்டென்சர் வேலை முடிந்தது. வலது சானலில் மட்டும் கரகரப்பு இருந்தது. ஒரு ரிலேயின் தொடுமுனை கறுத்திருந்ததே காரணம். வேறொருவரிடம் வாங்கிய பழைய நாடாவில் திரைப்பாட்டுகள் சுத்தமாகக் கேட்கின்றன. இனி அப்பத்தாவின் ஸ்பூலுக்குப் போகலாமா?

யாழ்_ஒலி எழுதியது:

போகலாம், ஆனால் ஒரே ஒரு ஓட்டத்துக்குத் தயாராகப் போங்கள். வினிகர் வாடை வந்த நாடா அடுத்த முறை ஓடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்த ஓட்டமே பதிவாக இருக்க வேண்டும். ‘முதலில் சும்மா கேட்டுப் பார்ப்போம்’ என்று எண்ணவே கூடாது. கணினியில் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு ஓடத் தொடங்கிய பிறகே நாடா ஓட வேண்டும். அரை மணி நேரத்துக்கு ஒரு கிகாபைட் அளவுக்கு இடம் பிடிக்கும். அதைப் பார்க்க வேண்டாம்.

இரு பக்கமும் ஐந்து அங்குல ஸ்பூலையே மாட்டுங்கள். ஒரு பக்கம் பெரியதும் மறுபக்கம் சிறியதும் மாட்டினால் இழுவிசை சமனாக இராது. உங்கள் கருவியை இயக்கும் திருகு சுவிட்சில் சிறிய ஸ்பூலுக்கான நிலை தனியாக இருக்கும், அதில் வையுங்கள், இழுவிசை குறையும். வேகமாகச் சுற்றும் பொத்தான்களை இந்த நாடாக்களுக்கு மறந்துவிடுங்கள்.

இனி ஒரு நல்ல செய்தி. உங்கள் கருவி இரண்டு தட வகையா, நான்கு தட வகையா? இரண்டு தட வகையாக இருந்தால், அந்தக் கால வால்வு ரெக்கார்டர் நாடாவின் மேல் பாதியில் ஒரு பக்கத்தையும், ஸ்பூலைத் திருப்பிப் போட்டுக் கீழ்ப் பாதியில் மறுபக்கத்தையும் பதிந்திருக்கும். அதை உங்கள் கருவியில் ஒருமுறை ஓட்டினால், இடது சானலில் முதல் பக்கம் நேராகவும், வலது சானலில் இரண்டாம் பக்கம் பின்னோக்கியும் கேட்கும். வலதைக் கணினியில் தலைகீழாகத் திருப்பிவிட்டால் போதும். இரண்டு பக்கமும் ஒரே ஓட்டத்தில் கிடைத்துவிடும். நாடாவை இரண்டாம் முறை வருத்த வேண்டாம்.

நாடாக்காரர் எழுதியது:

மிகச் சரியான யோசனை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பதிந்த கருவியின் ஹெட்டும் உங்கள் ஹெட்டும் ஒரே செங்குத்தில் நின்றிருக்க வாய்ப்பில்லை. சாய்வு ஒத்துப்போகாவிட்டால் ‘ச’கரமும் ‘ஸ’கரமும் மழுங்கிப் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். வாடை இல்லாத ஏழு ஸ்பூல்களில் ஒன்றை எடுத்து, அதே கருவியில் பதிந்ததுதானா என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு, அதை வைத்துச் சாய்வைச் சரிசெய்யுங்கள். பிளே ஹெட்டின் சாய்வுத் திருகின் இப்போதைய நிலையில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள். ஒலியைக் கேட்டபடியே கால் சுற்றுக்கும் குறைவாக, மிக மெல்லத் திருகினால், ஓரிடத்தில் போர்வை விலகியதுபோல் மெய்யெழுத்துகள் தெளியும். அங்கே விடுங்கள். அதன் பிறகு தாலாட்டு.

பரண்வாசி எழுதியது:

நேற்று மாலை முடிந்தது.

என்னுடையது இரண்டு தட வகைதான். கோயில் திருவிழா என்று எழுதியிருந்த ஸ்பூலில் சாய்வைச் சரிசெய்தேன். நாதசுரம் அதுவரை தொலைவில் கேட்டது; திருகு ஒரு மயிரிழை நகர்ந்ததும் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டது. ஹெட்டைத் துடைத்தேன். தாலாட்டு ஸ்பூலை மாட்டினேன். கணினியில் பதிவைத் தொடங்கினேன். அப்பாவைக் கூப்பிடவில்லை, முறிந்துவிட்டால் அவர் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் முதல் வரி வந்ததுமே சமையலறையில் இருந்தவர் எழுந்து வந்து வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பத்திரண்டு நிமிடமும் அப்படியே நின்றார். நாடா ஓரிடத்திலும் முறியவில்லை.

முடிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “ஆத்தா குரல் இவ்வளவு கீச்சா இருக்காது.”

வேகம் சரி என்று கடிகாரம் வைத்துப் பார்த்தேனே! எங்கே தவறு செய்தேன்?

யாழ்_ஒலி எழுதியது:

நீங்கள் தவறு செய்யவில்லை. இரவல் கருவி மெதுவாக ஓடியிருக்க வேண்டும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் உயரும். சாட்சி அதே நாடாவில் இருக்கலாம். வால்வு ரெக்கார்டர்களில் மின்சார முரல்வு கொஞ்சமாவது பதிந்திருக்கும். வேகம் ஒத்துப்போனால் அது 100 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். பேச்சு இல்லாத ஓரிடத்தை எடுத்து அலைவெண் படத்தில் அந்தப் பக்கம் பாருங்கள். மெல்லிய கோடு ஒன்று நேராக ஓடும். அது எங்கே நிற்கிறது?

பரண்வாசி எழுதியது:

103-க்கு ஒட்டி நிற்கிறது.

நாடாக்காரர் எழுதியது:

அப்படியானால் ஏறத்தாழ மூன்று சதவீதம் வேகம். அந்தக் காலத்து மின்சாரத்தின் அலைவெண்ணும் ஏறி இறங்கியதுதான், அதனால் முரல்வை மட்டும் நம்பி முடிவு கட்ட முடியாது. மூலப் பதிவைத் தொடாமல், நகலில் மூன்று சதவீதம் குறைத்து ஒன்று, இரண்டு சதவீதம் குறைத்து ஒன்று, நான்கு குறைத்து ஒன்று என மூன்றையும், எது எது என்று சொல்லாமல் அப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். இந்த நாடாவுக்கு அவர் காதைவிட நல்ல அளவுகோல் உலகத்தில் வேறு இல்லை.

பரண்வாசி எழுதியது:

போட்டுக் காட்டினேன். மூன்று சதவீத நகல் இரண்டாவதாக வந்தது. பாதி வரியிலேயே கையை உயர்த்தி, “இதுதான்” என்றார்.

வலது சானலையும் திருப்பிவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் பாட்டு இல்லை. யாரோ ரெக்கார்டரைக் கிணற்றடியில் வைத்துவிட்டு மறந்துபோயிருக்கிறார்கள். ராட்டினம் கிரீச்சிடுகிறது, வாளி கல்லில் மோதுகிறது, அப்பத்தா கோழியை விரட்டுகிறார், ஒரு சிறுவன் எதற்கோ அடம்பிடிக்கிறான். அந்தச் சிறுவன் தன் தம்பி என்று அப்பா சொல்கிறார். எங்கள் சின்னப்பாவுக்குத் தொலைபேசியில் அதைக் கேட்கவைத்தோம்.

வாடை வந்த இரண்டாவது ஸ்பூலில் பழைய ஒட்டுகள் இரண்டு இடத்தில் பசை காய்ந்து விட்டிருக்கின்றன. செல்லோ டேப் போடக்கூடாது என்று தெரியும். 45 பாகைச் சாய்வில் வெட்டுவதற்குப் பள்ளம் போட்ட கட்டையும், நாடாவைவிட அகலம் குறைந்த ஒட்டுநாடாவும் சொல்லியிருக்கிறேன். வந்ததும் எழுதுகிறேன்.

நாடாக்காரர் எழுதியது:

பிளேடு காந்தம் ஏறாததாக இருக்கட்டும், தம்பி. காந்தம் ஏறிய பிளேடால் வெட்டினால் ஒவ்வொரு ஒட்டிலும் ‘டக்’ என்று ஒரு சத்தம் பதிந்துவிடும். வெட்டுவதற்கு முன் அந்தக் காந்தநீக்கியைப் பிளேடுக்கும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.